சீனித்தம்பியின் வெறிகாரன் வேடம்

எங்கள் வாசிகசாலைப் பொடியன்கள் நாடகம் பழகுகிறார்கள். அதில் ஒரு வெறிகாரன் வருகிறான். அந்த வேடம் கட்டுகிறவன், ஆட்டத்தன்று கொஞ்சம் சாராயம் போட்டுக்கொண்டு ஏறினால்தான் உண்மையாக வரும் என்கிறானாம். மற்றவர்கள் கூடாது என்கிறார்கள். தீர்ப்புக் கேட்டு என்னிடம் வந்தார்கள். நான் பேச்சில் கெட்டிக்காரன் இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுத்தும் கொஞ்சம்தான் வரும். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

நான் நடிகன் இல்லை. சீன் இழுத்தவன். மேடைக்குப் பின்னால் படம் கீறித் தொங்கவிடும் சீலையைத்தான் சீன் என்போம். அதற்கு முந்தி வாவியில் பாய்த்தோணியில் நின்றேன். வாவியை நாங்கள் ஆறு என்றும் சொல்வோம். மேற்குக் கரையான படுவான்கரையின் நெல்லைப் பட்டினத்துக்கு ஏற்றுவோம். ஒருநாள் ஒரு நாடகச் செட்டின் பெட்டிகளை ஏற்றினோம். நடு ஆற்றில் காற்று மாறியது. நான் பாயை இறக்கி ஏற்றியதை அந்தச் செட்டை நடத்திய வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் இறங்கும்போது, "தம்பி, நாளைக்கு என்னட்டை வா" என்றார். போனேன். பழகியது என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. கயிறு எங்கேயும் கயிறுதான்.

எங்களிடம் நாலு சீன் இருந்தன. அரண்மனை, காடு, வீடு, தெரு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சிவப்புத் திரை. ஒவ்வொரு சீனின் அடியிலும் ஒரு கமுகம் தடி வைத்துத் தைத்திருக்கும். கயிற்றை இழுத்தால் தடி சுழன்று, சீலையைத் தன்மேல் சுற்றிக்கொண்டு மேலே போகும். இரண்டு பக்கமும் ஒன்றாக ஏற வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் அரண்மனை சரியும். ராசா சாகிற கட்டத்தில் அரண்மனை சரிந்தால் சனம் சிரிக்கும். அதோடு அந்த ஆட்டம் போயிற்று.

வாடைக் காலத்தில் கயிறு ஈரம் குடித்து ஊதும். கப்பிக்குள் இறுகும். கச்சான் காற்று அடிக்கும்போது காய்ந்து வழுக்கும். ஆட்டத்துக்கு முந்திக் கயிறு முழுவதையும் கைக்குள்ளால் ஓட விட்டுப் பார்ப்பேன். கப்பிக்கு மெழுகு பூசுவேன். உள்ளங்கைக்குச் சாம்பல். நான் நிற்கிற மூலையில் இருந்து நடிகர்களின் முகம் தெரியாது. தட்டிக்குக் கீழால் கால் மட்டும் தெரியும். சீலை விழுகிற இடத்தில் கால் இருந்தால் விடக்கூடாது. தடி மண்டையில் விழும். ஆகவே கால் பார்த்தே எனக்கு ஆட்களைத் தெரியும். யார், எங்கே, என்ன நிலையில் என்று காலே சொல்லும்.

வாத்தியார் யாழ்ப்பாணத்து மனிதர். தம்பையா என்று பெயர். அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு விசில் தொங்கும். நீட்டி ஊதினால் ஆயத்தமாகு. குறுக்கி ஒன்று ஊதினால் விடு. குறுக்கி இரண்டு ஊதினால் ஏற்று. விசில் இல்லாமல் என் கை அசையக்கூடாது. "கண்ணை நம்பாதை வேலு. காதை நம்பு" என்பார். சத்தம் போட்டு ஏசமாட்டார். கோபம் வந்தால் கையை நீட்டுவார். அவ்வளவுதான். நீட்டிய கையில் என்ன வைக்க வேண்டும் என்பது எதிரில் நிற்பவனுக்குத் தெரியும்.

கதிரவெளியில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். அங்கே ராசா வேடம் சீனித்தம்பிக்கு. சீனித்தம்பி எங்கள் செட்டின் முதல் ஆள். குரல் உண்டு, எடுப்பு உண்டு. குடியும் உண்டு. அன்று சிங்காசனத்தில் இருந்தபடியே நித்திரையாகிப் போனான். மந்திரி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார். ராசா எழும்பவில்லை. விசில் வந்தது. சிவப்புத் திரையை விட்டேன். வாத்தியார் மேடைக்குப் போய்ச் சீனித்தம்பிக்கு முன்னால் கையை நீட்டினார். அவன் கண்ணைத் திறந்து பார்த்தான். கிரீடத்தைக் கழற்றி அந்தக் கையில் வைத்தான்.

வாத்தியார் கிரீடத்தைத் தங்கராசாவிடம் கொடுத்தார். தங்கராசா எங்கள் செட்டில் பெண் வேடம் கட்டுகிறவன். அன்று அவன்தான் ராணி.

"நீ ராசா" என்றார் வாத்தியார்.

"அப்ப ராணிக்கு ஆரு வாத்தியார்?"

"ராணிக்கு இண்டைக்குச் சுகமில்லை."

ராணி இல்லாமலே ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு சீனித்தம்பியின் தலையில் கிரீடம் ஏறவில்லை. சேவகன் வேடம், வேடன் வேடம், கடைசியில் பெட்டி தூக்குவது என்று இறங்கிப் போனான்.

அவனுடைய வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள். புருசன் அங்கே போய் இருப்பான். சீனித்தம்பியும் படுவான்கரையில் ஓர் ஊரில் அப்படித்தான் இருந்தான். ஊரின் பெயரை எழுதவில்லை. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பெண்சாதி கனகம்மா. இரண்டு பெண் பிள்ளைகள்.

கதிரவெளி ஆட்டத்துக்குப் பிறகு ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனபோது, அவனுடைய தகரப் பெட்டி கடப்படியில் இருந்தது. வேலியில் ஆள் நுழைகிற இடம்தான் கடப்படி. நல்ல மழை. பெட்டி நனைந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்து யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆம்பிளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தான். நாங்கள் சீன் வைத்திருந்த கொட்டிலில் படுத்தான்.

அங்கேதான் குடியை விட்டான். யாரும் சொல்லி விடவில்லை. கஞ்சி வாய்க்குள் போகவில்லை. பகல் முழுவதும் ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் இருப்பான். கரைக்கு வந்தால் கால் தன்பாட்டில் கள்ளுத் தவறணைப் பக்கம் போகிறது மச்சான், அதனால்தான் தண்ணீருக்குள் நிற்கிறேன் என்றான். நான் சோற்றைக் கரையில் வைத்துவிட்டு வருவேன். பிறகு மெல்ல மெல்ல ஆளானான்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் தவறணையை மூடுவதா வைப்பதா என்று சனத்திடம் வாக்குக் கேட்டார்கள். மூடச் சொல்கிற மதுவிலக்குச் சபைக்காரர் எங்கள் வாத்தியாரிடம் வந்து, குடியின் கேட்டைக் காட்டி ஒரு நாடகம் போடச் சொன்னார்கள். வாத்தியார் கதை எழுதினார். புருசன் பெண்சாதியின் நகையை விற்றுக் குடிக்கிறான். கேட்டவளைப் பிள்ளையோடு வீட்டை விட்டுத் துரத்துகிறான். அவள் தெருவில் நின்று அழுது பாடுகிறாள். கடைசியில் அவன் திருந்துகிறான். சபைக்காரர் வாசித்துச் சரி என்றார்கள்.

வெறிகாரன் வேடத்துக்கு ஆள் தேடியபோது வாத்தியார் சீனித்தம்பியைப் பார்த்தார்.

"உனக்கு உது தெரிஞ்ச தொழில்தானே" என்றார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். சீனித்தம்பி சிரிக்கவில்லை. "செய்யிறன் வாத்தியார்" என்றான்.

பழகும்போது முன்னால் இருந்து பார்த்தேன்; அவன் செய்ததை நான் இன்றும் மறக்கவில்லை. தள்ளாடவில்லை. நாக்குக் குழறவில்லை. மரியாதை கூடிப் போயிற்று. அதுதான் அவன் காட்டிய வெறி. மேடையில் நாய் வேடம் போட்ட பொடியனைக் கண்டு சால்வையை இறக்கி, "ஐயா முந்திப் போங்க" என்று வழி விட்டான். கதவிடம் மன்னிப்புக் கேட்டான். சால்வையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அது முடியும் வரைக்கும் சனம் மூச்சு விடவில்லை. மேடையில் அவன் குடித்தது சீனியைக் கருக்கிக் கரைத்த தண்ணீர். நானே கரைத்துப் போத்தலில் ஊற்றுவேன்.

வாசிகசாலைப் பொடியன்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். சீனித்தம்பி குடித்துக்கொண்டு மேடையேறிய நாட்களில் அவனுடைய கால்விரல்கள் பலகையை நண்டு போலப் பிடித்திருக்கும். விழாமல் நிற்பதே அவனுக்கு வேலை. வெறிகாரன் வேடம் கட்டிய நாட்களில் விரல்கள் சும்மா கிடந்தன. குடித்த காலத்தில் அவன் நடித்ததெல்லாம் குடிக்காத மனிதனை. குடியை விட்ட பிறகுதான் வெறிகாரனை நடித்தான்.

அந்த நடிப்புத்தான் அவனுக்கு வினையானது. ஆட்டம் பார்த்தவர்கள் அது நடிப்பு என்று நம்பவில்லை. கிரானில் பார்த்த ஒருவன் துறையில் நின்று சத்தியம் பண்ணினான்.

"நானே கண்ட. நல்ல வெறி. கதவோட கதைக்கிறான்."

"அது கூத்துடா."

"கூத்துக்காரனுக்கு அப்பிடி வராது. உள்ளுக்குப் போனாத்தான் வரும்."

இந்தக் கதை ஆறு கடந்து கனகம்மாவின் வளவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு கதை போனது. ஆட்டம் நன்றாக வந்தால் கதை பெரிதாகப் போனது. சீனித்தம்பி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடப்படிக்குப் போவான். உள்ளே இருந்து கூப்பிட மாட்டார்கள். கிறுகித் திரும்பி வருவான். கொட்டிலுக்குள் இருக்கவும் மாட்டான், படுக்கவும் மாட்டான். பெட்டியைத் திறந்து மூடுவான். வெளியே போய் ஆற்றைப் பார்ப்பான். மறுபடி வருவான். அவனைப் பார்க்க எங்களுக்கும் நிலைகொள்ளாது.

"வேசத்த விட்டிரு" என்றேன்.

"விட்டா சோத்துக்கு?"

"கொஞ்சம் மட்டமாச் செய்."

"அது எனக்கு ஏலா மச்சான்."

கடைசியில் அசனார் காக்காவைப் பிடித்தான். காக்கா காத்தான்குடி முஸ்லிம் ஆள்; அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். இரவு ஆட்டங்களுக்குக் காஸ் லைற் கொண்டு வருவார். வாயில் பொய் வராத மனிதர் என்று மூன்று ஊருக்குத் தெரியும். அவர் போய்ச் சொன்னால் கனகம்மா நம்புவாள் என்பது இவன் எண்ணம். காக்காவும் நானும் போனோம். சீனித்தம்பி தோணியிலேயே இருந்துவிட்டான்.

கனகம்மா நெல்லுக் குத்திக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டு பாய் எடுத்துப் போட்டாள். மறுபடி உலக்கையை எடுத்தாள்.

காக்கா தொண்டையைச் செருமினார். "மகள், சுத்தி வளைக்காமச் சொல்லுறன். இந்த மாரிகாலம் முழுக்க உன்ட மாப்பிள எங்களோடதான் கிடக்கிறான். ஒரு துளி தொடல்ல. அல்லா மேல ஆணையாச் சொல்லுறன்."

"காக்கா, நீங்க குடிச்சிரிக்கீங்களா?"

"அஸ்தஃபிருல்லா! என்ன கேள்வி புள்ள இது?"

"இல்ல, கேட்டன். மீன் திண்ணாத ஐயரக் கூட்டி வந்து மீன் கறிக்கு உப்புப் பாக்கச் சொன்ன மாதிரி இரிக்கி."

காக்கா சட்டென்று திரும்பினார். என்னைக் காட்டினார். "இவன் குடிப்பான். இவனக் கேளு."

நான் சொன்னேன்: "குடிக்கல்ல தங்கச்சி. எனக்கு மேடையில அவன்ட கால்தான் தெரியும். வெறியெண்டா விரல் பலகையப் புடிக்கும். இப்ப புடிக்கிறல்ல."

"அண்ணன், அவர் விரலாலயும் நடிப்பார்."

உலக்கையைச் சாத்தினாள். கையைத் துடைத்தாள்.

"இது என்ட தாய் தந்த வீடு. இந்த வாசலால அவர் ஒரு நாளும் தள்ளாடி வந்ததில்ல. ஏசினதில்ல. அடிச்சதில்ல. நல்ல மனிசனா வருவார். சிரிப்பார். பிள்ளயளத் தூக்குவார். மறுகா பெட்டகத்தத் திறந்தா அட்டியல் இரிக்காது. காப்பு இரிக்காது. வெறியில அடிக்கிறவன அடையாளம் தெரியும் காக்கா. இவர எப்பிடி அடையாளம் காணுற? இப்ப விட்டிட்டன் எண்டு வந்து நிக்கிறார். நிக்கிற விதம் அப்பவும் இதுதான்."

நாங்கள் எழும்பினோம். திரும்பி வரும்போது காக்கா, "அவள் சொல்லுறதுல ஞாயம் இரிக்கி" என்றார். சீனித்தம்பியிடமும் அதையே சொன்னார். அவன் துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தான்.

இதற்கிடையில் நாடகத்திலும் ஒரு கரைச்சல் இருந்தது. பட்டினத்தில் போட்டபோது பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் உத்தியோகத்தர்கள். வெளியூர் ஆட்கள். எல்லாம் சரியாகப் போயிற்று. கிரானில் பெண்கள் வந்தார்கள். வெறிகாரன் பெண்சாதியைப் பார்த்து, "என் வீட்டை விட்டு வெளியே போடி" என்று சொன்னதும் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. தங்கராசா தெருவில் நின்று உருகி உருகிப் பாடினான். சிரிப்பு அடங்கவில்லை.

"ஏன் உதுகள் சிரிக்குதுகள்?" என்று வாத்தியார் கேட்டார்.

தங்கராசா சேலையை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்: "இஞ்ச வீடு அவள்ர வாத்தியார். அவன் எப்பிடி அவளத் துரத்துற? நான் அழுறதப் பாத்து, இவள் என்ன விசரியா எண்டுதான் சிரிக்கிறாங்க."

வாத்தியார் கதைத் தாளைப் புரட்டினார். "சபைக்காரர் பாத்துச் சரி சொன்ன கதை. நான் மாத்தேலாது. சனம் பழகும்" என்றார். சனம் பழகவில்லை. அடுத்த ஊரிலும் சிரித்தார்கள்.

அப்படியே கனகம்மாவின் ஊருக்கு முறை வந்தது. பெண்கள் வர வேண்டும் என்பதற்காகச் சபைக்காரர் பின்னேரத்திலேயே ஆட்டம் வைத்தார்கள். பள்ளிக்கூட வளவில் பந்தல். வெயில் நன்றாக இருந்தது. காக்காவின் விளக்குக்கு வேலையில்லை. சும்மா பார்க்க வந்திருந்தார்.

சிவப்புத் திரையில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. நடிகர்கள் அதற்குள்ளால் சனத்தைப் பார்ப்பார்கள். சீனித்தம்பி பார்த்தான். விலகினான். மறுபடி பார்த்தான்.

"வந்திரிக்காள்" என்றான். "வேம்புக்குக் கீழ. பிள்ளயளும் வந்திரிக்கி."

"நல்லதுதானே."

"என்ன நல்லது? நான் வெறியில நிக்கிறதப் பாக்க வந்திரிக்காள்."

முகத்தில் பூசிய அரிதாரம் வியர்த்து வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி பூசினான். வாத்தியார் நீட்டி ஊதினார். நான் கயிற்றைப் பிடித்தேன்.

முதல் இரண்டு காட்சியும் நன்றாகப் போயின. நாய்க்கு வழி விட்டபோது பந்தல் அதிர்ந்தது. பிறகு வீட்டுச் சீனை விட்டேன். நகை எங்கே என்று தங்கராசா கேட்டான். சீனித்தம்பி கையை ஓங்கி, "என் வீட்டை விட்டு வெளியே போடி" என்றான்.

பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு கிழவி கத்தினாள்: "ஆர்ர வீடுடா?"

சிரிப்பு வெடித்தது. அந்த ஊருக்கு அவனைத் தெரியும். பெட்டி மழையில் நனைந்ததையும் தெரியும். சிரிப்பு மற்ற ஊர்ச் சிரிப்பு மாதிரி இல்லை.

அவன் வசனத்தைத் திரும்பச் சொன்னான். வாத்தியாரின் கட்டளை அது. குழப்பம் வந்தால் வசனத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும்.

"உன்ட பெட்டி எங்கடா கிடந்த?" என்று இன்னொருத்தி. "கடப்படியிலதானே!"

தட்டிக்குக் கீழால் அவனுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. பிறகு திரும்பின. மூலையில் சாமானாக வைத்திருந்த பெட்டியைத் தூக்கினான்.

"ஓம்" என்றான். மேடைக் குரல் இல்லை. "வீடு உன்ட. நான்தான் போகோணும்."

பெட்டியோடு மேடையின் முன்பக்கத்துக்கு நடந்து வந்தான். இது கதையில் இல்லை. தங்கராசா பாட்டுக்கு எடுத்த மூச்சை விடத் தெரியாமல் நின்றான்.

விசில் வந்தது. குறுக்கி ஒன்று. அந்த இடத்தில் சிவப்புத் திரையை விடு என்று அர்த்தம். ஆட்டத்தை அதோடு மூடச் சொல்கிறார். கயிறு என் வலது கையில் இருந்தது.

நான் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. அவன் வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டான். பின்னால் வீட்டுச் சீன் தொங்குகிறது. அது பிழை. அவ்வளவுதான் மனதில் பட்டது. காலைப் பார்த்தேன். தடி விழுகிற கோட்டுக்கு முன்னால் நின்றான். சிவப்புத் திரையை விடவில்லை. தெருச் சீனை விட்டேன். அது தங்கராசாவையும் வீட்டையும் மறைத்தது. சீனித்தம்பி தெருவில் தனியே நின்றான்.

மறுபடி விசில். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தட்டியை விலக்கி மேடையையும் சனத்தையும் பார்த்தேன்.

சீனித்தம்பி பெட்டியை வைத்தான். சனத்தைப் பார்த்தான். வெறிகாரனின் அந்தப் பெரிய மரியாதையோடு சொன்னான்:

"கொஞ்சம் குடிச்சுப் போட்டன். இப்ப வீட்ட போகோணும். தெரியப்படாது. எப்பிடிப் போற எண்டு காட்டுறன், பாருங்க."

குனிந்து இல்லாத தண்ணீரை அள்ளி முகம் கழுவினான். வேட்டியை அவிழ்த்து ஒழுங்காக உடுத்தான். வாய் மணம் போக ஒரு கராம்பு மெல்லுவதுபோலக் காட்டினான். இரண்டு பெண் பிள்ளைகளின் பெயரையும் மெல்லச் சொல்லிப் பார்த்தான். "நாக்குப் பிரளுதா எண்டு பாக்கிற" என்றான். சனம் சிரித்தது. "முன் வாசலால போகப்படாது. அடுப்படிப் பக்கத்தால போகோணும். புகைக்குள்ள வாய் மணக்காது." ஆம்பிளைகள் இன்னும் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் சிரிப்புக் குறைந்தது. "கையில ஒரு கரும்புத் துண்டு கொண்டு போகோணும். பிள்ள ஓடி வரும். அவள் பிள்ளையப் பாப்பாள். என்ட முகத்தப் பாக்க மாட்டாள்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆம்பிளைகள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சில பெண்கள் தங்கள் புருசன்மார் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவ்வளவுதான்" என்றான் சீனித்தம்பி. "என்னிட்ட இருந்த வித்த எல்லாம் இவ்வளவுதான். வேற ஒண்டும் இல்ல."

"கொய்யாக் கொழுந்து?"

வேம்புக்குக் கீழ் இருந்து கேட்டது. கனகம்மா எழும்பி நின்றாள்.

"வாய் மணத்துக்குச் சப்புற கொய்யாக் கொழுந்த விட்டிட்டீங்க."

பந்தல் முழுவதும் திரும்பியது. சீனித்தம்பியின் கால் ஒன்று பின்னால் போனது.

"அதுவும் தெரியுமா?"

"வேலியில நிண்ட கொய்யா மொட்டையாப் போச்சு. ஆடு திண்ட எண்டா நினைக்கிற?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. காக்கா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். சீனித்தம்பி சிரிப்பு அடங்கும் வரைக்கும் நின்றான்.

"எல்லாம் தெரிஞ்சா ஏன் புள்ள சொல்லல்ல?"

"நீங்களாச் சொல்லுவீங்களா எண்டு பாத்த."

அவன் சால்வையை இறக்கினான். விசில் கேட்டது. இந்தத் தடவை சிவப்புத் திரையை விட்டேன்.

வாத்தியார் என்னிடம் வந்தார். கையை நீட்டப்போகிறார் என்று நினைத்தேன். எனக்குக் கிரீடம் இல்லை. கயிற்று நுனியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நாளைக்கும் உதே இடத்திலை தெருவை விடு" என்றார். "ஆனா நான் ஊதினாப் பிறகு விடு."

சபைக்காரரிடம் அவரே பேசிக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் கதை அப்படித்தான் நடந்தது. கரடியனாற்றில் ஒருத்தி எழும்பி, "பச்ச மிளகாயும் இரிக்கி" என்று கத்தினாள். அதையும் சேர்த்துக்கொண்டோம். தவறணைகளைச் சில ஊரில் மூடினார்கள். சில ஊரில் மூடவில்லை.

அன்று ஆட்டம் முடிந்து சீனித்தம்பி மேடைக்குப் பின்னால் தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரம் அழிக்க உட்கார்ந்தான். கனகம்மா வந்தாள். பிள்ளைகள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"இஞ்சாருங்க. கழுவ வேணாம்."

"முகத்தோட எப்பிடிப் போற? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீங்க கழுவப் போற இடத்திலதான் குடிக்கிறதும் மறைக்கிறதும் எல்லாம் நடக்கிற. இனி வேசம் கட்டினா வேசத்தோட வரோணும். நேரா வரோணும். அடுப்படிப் பக்கத்தால இல்ல, முன் வாசலால. ஏலுமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏலும்" என்றான்.

அது இலேசான காரியம் இல்லை. வெளியூர் ஆட்டம் என்றால் அரிதாரத்தோடு வண்டியில் வருவான், துறையில் நிற்பான், தோணியில் இருப்பான். சனம் பகிடி பண்ணும். "வெறிகாரன் வாறான், வழி விடுங்க" என்பார்கள். முகம் கறுத்து, கோடுகள் வழிந்து பார்க்கச் சகிக்காது. ஒரு நாளும் துடைக்கவில்லை. அப்படியே முன் வாசலால் போனான்.

பிறகு உலகச் சண்டைக்காலம் வந்தது. குண்டு விழும், இரவில் விளக்கு வைக்கக்கூடாது என்றார்கள். ஆட்டம் நின்றது. வாத்தியார் ஊருக்குப் போனார். சீன்களை விற்றோம். நான் தோணிக்குத் திரும்பினேன். சீனித்தம்பி நெல்லு வட்டையில் கூலிக்குப் போனான். வேடமும் இல்லை, வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக அரிதாரமும் இல்லை. அந்த வருசம் சூடு மிதித்து நெல்லுப் பிரித்து முடிந்த அன்று வயல்காரப் போடியார் எல்லாருக்கும் சாராயம் கொடுத்தார்.

நடுப்பகல். நெல்லு ஏற்றப் போன நான்தான் அவனைத் தோணியில் கொண்டு வந்தேன். விரல்கள் தோணிப் பலகையைப் பிடித்திருந்தன. கராம்பு வேண்டுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். முகம்கூடக் கழுவவில்லை.

கடப்படிக்கு வந்ததும் நின்றான். உள்ளே போகவில்லை.

"புள்ள" என்று கூப்பிட்டான். "இண்டைக்குக் குடிச்சிரிக்கன்."

கனகம்மா வாசலுக்கு வந்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்துவாள் என்றுதான் நினைத்தேன். ஒரு பாயும் செம்புத் தண்ணீரும் கொண்டு வந்தாள். பாயை வேலிக்கு வெளியே, நிழலில் விரித்தாள்.

"வெறி முறியும் மட்டும் இதில இருங்க. மறுகா உள்ளுக்கு வரலாம்."

அவன் இருந்தான். அவள் வேலிக்கு உள்பக்கம், அவனுக்கு நேரே, சுளகை மடியில் வைத்து அரிசி கொழிக்க இருந்தாள். எனக்குப் போகவும் மனமில்லை, நிற்கவும் முடியவில்லை. ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"அண்ணன், நீங்க போங்க" என்றாள் கனகம்மா. "இது எங்கட வீட்டு அலுவல்."